அடுப்பேறாத பச்சை விழுது



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பெஸ்டோ. இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில், லிகூரியா மாநிலத்தின் தலைநகரான ஜெனோவாவின் பச்சை விழுது அது. பேசில் இலை, பூண்டு, பைன் பருப்பு, இரண்டு வகைச் சீஸ், கல் உப்பு, ஆலிவ் எண்ணெய். ஏழே பொருள். அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். தாளிக்க வேண்டாம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இவ்வளவு எளிய பண்டத்தைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேச என்ன இருக்கிறது? இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

பெரிய கடைகளின் அலமாரியில் பெஸ்டோ பாட்டிலில் நிற்கிறது. அதை எடுத்துத் திருப்பி, பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். பல பாட்டில்களில் ஆலிவ் எண்ணெய்க்கு முன்னால் சூரியகாந்தி எண்ணெயின் பெயர் இருக்கும். பைன் பருப்பின் இடத்தில் முந்திரி இருக்கும். சிலவற்றில் உருளைக்கிழங்குத் துகள்கூட இருக்கும். கெடாமல் இருக்கப் புளிப்புச் சேர்த்து, சூடு காட்டி மூடியிருப்பார்கள். மாதக்கணக்கில் அலமாரியில் நிற்க வேண்டிய பண்டத்துக்கு வேறு வழியில்லை. ஆனால் சூடு பட்ட பேசில் பேசிலாக மணப்பதில்லை. அந்தப் பாட்டிலைத் திறந்து ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "பெஸ்டோ என்றால் இவ்வளவுதானா?" என்று கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சாப்பிட்டது பெஸ்டோவின் நிழலைத்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெஸ்டோவின் உயிர் மூன்று இடத்தில் இருக்கிறது. இளந்தழையில் இருக்கிறது. தீ படாத அரைப்பில் இருக்கிறது. அரைத்த அன்றே சாப்பிடுவதில் இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால், தழையை மாற்றலாம், பருப்பை மாற்றலாம். இது நானாக எடுத்துக்கொண்ட சலுகை இல்லை. தழையை மாற்றும் சலுகையை அந்த ஊர்ப் புத்தகமே கொடுத்திருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் ஜெனோவாவைக் கொஞ்சம் பார்ப்போம். மலை ஒரு பக்கம் நெருக்க, கடல் மறு பக்கம் நெருக்க, நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் துறைமுக நகரம் அது. அதன் மேற்குப் பகுதியில் பிரா என்று ஓர் இடம். அங்கே மலைச் சரிவில் கண்ணாடிக் குடில்கள் கட்டிப் பேசில் வளர்க்கிறார்கள். எப்படிப் பறிக்கிறார்கள் தெரியுமா? செடி வளர்ந்து புதராகும் வரை காத்திருப்பதில்லை. நான்கு அடுக்கு இலைக்கு மேல் விடமாட்டார்கள். குழந்தைச் செடியாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கி, மூன்று முதல் பத்துச் செடிகளைச் சேர்த்து ஒரு கொத்தாகக் கட்டிவிடுகிறார்கள். பூங்கொத்துப் போலவே இருக்கும். இலை சிறியது, வெளிர்பச்சை, முதுகு கொஞ்சம் குமிழ்ந்தது. புதினா வாசனை துளியும் அடிக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் சோதனை. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஜெனோவா பேசிலுக்கு ஊர்ப்பெயர்க் காப்பு கொடுத்தது. லிகூரியக் கரையின் ஆலிவ் எண்ணெய்க்கு அதற்கு முன்பே, 1997இல், அந்தக் காப்பு கிடைத்துவிட்டது.

ஓர் இலைக்கு இவ்வளவு காவலா என்று கேட்பீர்கள். அந்த மக்களுக்கு இது வெறும் தொட்டுக்கொள்ளும் பண்டம் இல்லை. 2017இல் ஜெனோவா விமான நிலையம் என்ன செய்தது தெரியுமா? கைப்பையில் திரவமும் விழுதும் நூறு மில்லிக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பது அப்போது விமானத்தில் எல்லோருக்கும் இருந்த விதி. வீட்டில் அரைத்த பெஸ்டோவைப் பிள்ளைகளுக்கு எடுத்துப்போகும் தாய்மார்கள் பாதுகாப்புச் சோதனையில் அதைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். அரைக் கிலோ வரை பெஸ்டோவைக் கைப்பையிலேயே கொண்டுபோகலாம் என்று அந்த விமான நிலையம் வழிவிட்டது. அதற்கு ஒரு நிபந்தனை. நோயுற்ற குழந்தைகளைச் சிகிச்சைக்கு விமானத்தில் அழைத்துப்போகும் ஒரு தொண்டு அமைப்புக்குச் சிறு நன்கொடை தர வேண்டும். ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறிய நம் பாட்டிமார்களுக்கு இந்தச் செய்தியின் அருமை உடனே புரியும்.

இனி நான் சொன்ன புத்தகத்துக்கு வருகிறேன். 1863இல் ஜோவன்னி பத்திஸ்தா ராத்தோ என்பவர் ஜெனோவாவின் சமையலைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். பெஸ்டோவின் செய்முறை முதலில் அச்சில் ஏறியது அதில்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் என்ன இருக்கிறது? பூண்டு இருக்கிறது. பேசில் இருக்கிறது. ஆனால் பேசில் கிடைக்காவிட்டால் மருவும் பார்ஸ்லியும் போடலாம் என்று அடுத்த மூச்சிலேயே சொல்கிறது! சீஸ் என்ன சீஸ்? பார்மிஜானோவோடு ஹாலந்துச் சீஸ். கப்பல் வணிக நகரம் அல்லவா, துறைமுகத்தில் இறங்கியது சமையலறைக்குள்ளும் வந்தது. கொஞ்சம் வெண்ணெய்கூட உண்டு. இன்றைக்கு ஜெனோவாவில் வெண்ணெய் போட்டால் சண்டைக்கு வருவார்கள். அன்றைக்கு அச்சில் இருந்தது.

இன்னும் பின்னால் போவோமா? ரோமானியக் காலத்து லத்தீன் கவிதை ஒன்று இருக்கிறது. மொரேத்தும் என்று பெயர். வெகுகாலம் பெருங்கவிஞர் விர்ஜிலின் பெயரில் வழங்கியது. உண்மையில் எழுதியவர் யாரென்று உறுதியில்லை. ஏழை உழவன் ஒருவன் விடியற்காலையில் எழுந்து, தோட்டத்தில் தழை பறித்து வந்து, உரலில் போட்டு இடித்து, காலை உணவைச் செய்துகொள்வதுதான் அதன் கதை. அவன் உரலில் என்னென்ன போடுகிறான்? பூண்டு போடுகிறான். உப்பும் சீஸும் போடுகிறான். எண்ணெய் விடுகிறான். தழைகளில் ஒன்று நம் கொத்தமல்லி. ஆம், கொத்தமல்லி! இத்தாலிய மண்ணில் பூண்டோடும் சீஸோடும் கொத்தமல்லியை இடித்துச் சாப்பிட்ட காட்சி, பெஸ்டோவின் செய்முறை அச்சேறுவதற்கு ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு ஆண்டுக்கு முன்பே பாட்டில் இருக்கிறது. கொத்தமல்லியில் பெஸ்டோ செய்தால் அது கலப்படம் என்று யாராவது சொன்னால், அந்த உழவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெஸ்டோ போன ஊரிலெல்லாம் அந்த ஊர்ப் பொருளைச் சேர்த்துக்கொண்டது. பிரான்சின் தென்கரையில் பருப்பை விட்டுவிட்டு, பேசிலும் பூண்டும் எண்ணெயும் மட்டும் அரைத்துக் காய்கறி சூப்பில் கலக்கிறார்கள். சிசிலித் தீவின் திராபானி ஊரில் பைன் பருப்பின் இடத்தில் பாதாம் வந்தது, கூடவே தக்காளி வந்தது. அங்கே நங்கூரமிட்ட ஜெனோவாக் கப்பல்காரர்களிடமிருந்து கற்றது அது என்று அவ்வூரில் சொல்வார்கள். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது பெரு நாட்டுக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிகூரியாவிலிருந்து கப்பலேறியவர்கள் பலர் லீமாவிலும் அதன் துறைமுகமான காயாவோவிலும் குடியேறினார்கள். ஊரில் கிடைத்த அளவு பேசில் அங்கே இல்லை. என்ன செய்தார்கள்? பசலைக் கீரையைச் சேர்த்துப் பச்சையைக் கூட்டினார்கள். பார்மிஜானோ இல்லை, அந்த ஊர் வெள்ளைச் சீஸைப் போட்டார்கள். இன்று "பச்சை நூடுல்ஸ்" என்ற பெயரில் அது பெரு மக்களின் சொந்த வீட்டுச் சாப்பாடு. பிழைக்கப் போன இடத்தில் கையில் இருப்பதை வைத்து அம்மாவின் கைமணத்தைத் தேடியவர்கள் செய்த உணவு அது. கடல் கடந்து போன நம்மவர்களின் வீடுகளிலும் இதே தேடல்தானே நடந்தது?

சரி, நம் வீட்டுக்கு வருவோம். நம் கையில் என்ன இருக்கிறது?

பேசில் என்றதும் அந்நிய இலை என்று ஒதுங்க வேண்டாம். தாவரவியலார் ஓசிமம் பேசிலிக்கம் என்று எழுதும் அந்த இனம்தான் நம் திருநீற்றுப்பச்சிலை. பூக்கடையில் கதம்பத்தோடு மணக்கும் அதே பச்சிலை. கோடையில் ஊறவைத்துச் சர்பத்திலும் ஃபலூடாவிலும் போடும் சப்ஜா, அதன் விதை. ஜெனோவாக்காரர்கள் வளர்ப்பது அதே இனத்தின் வேறு ரகம், அவ்வளவே. ரகத்துக்கு ரகம் மணம் மாறும். நம் பச்சிலையில் காரமும் சோம்புச் சாயலும் தூக்கலாக இருக்கலாம். ஆகவே பறிக்கும் முன் ஓர் இலையைக் கிள்ளி மென்று பாருங்கள். மென்மையாக இருந்தால் அதையே போடுங்கள். தூக்கலாக இருந்தால் பாதிக்குப் பாதி கொத்தமல்லி சேருங்கள். துளசியைப் போடலாமா என்று கேட்பார்கள். அது வேறு இனம். அதன் கிராம்பு நெடி சீஸோடு ஒட்டாது. கறிவேப்பிலையின் நார் பச்சையாக மசியாது. புதினா தனியாக நின்றால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கால் பங்கு போதும். கொத்தமல்லியோ, தயங்காமல் போடுங்கள். இளந்தண்டும் சேரட்டும், மணம் அங்கேயும் இருக்கிறது.

முடிந்தால் ஒரு தொட்டியில் இத்தாலியப் பேசில் விதையைத் தூவிவிடுங்கள். விதை நர்சரிகளில் கிடைக்கிறது. நல்ல வெயில் வேண்டும், நீர் தேங்கக் கூடாது. பூ எடுக்கும் முன் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். பூத்துவிட்டால் இலை முற்றும், மணம் கடுக்கும். பறித்த கொத்தைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். பேசில் வெப்ப மண்டலத்துப் பிள்ளை. பத்து டிகிரிக்குக் கீழே போனால் இலை கறுத்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் தண்டை நிறுத்தி மேசை மேல் வையுங்கள், போதும்.

இப்போது கை வேலை. இங்கேதான் கவனம் வேண்டும்.

ஜெனோவாவில் சொல்லும் அளவு ஏறக்குறைய இது. பேசில் இலை 60, 70 கிராம். பைன் பருப்பு 30 கிராம். துருவிய பார்மிஜானோ 45 முதல் 60 கிராம். சார்டினியா தீவின் செம்மறி ஆட்டுப்பால் சீஸான பெக்கோரினோ 20 முதல் 40 கிராம். பூண்டு ஒன்றிரண்டு பல். ஆலிவ் எண்ணெய் 60 முதல் 80 மில்லி. சில கல் உப்பு. இது 600 கிராம் பாஸ்தாவுக்குக் காணும். நம் நாட்டுப் பூண்டு சிறியது, ஆனால் காரமானது. ஒரு பல்லில் தொடங்குங்கள். பூண்டு முன்னால் வந்து நின்றுவிட்டால் இலையின் பேச்சு கேட்காது.

இலையைக் குளிர்ந்த நீரில் அலசி, துணியில் பரப்பித் தானே உலர விடுங்கள். அழுத்தித் துடைக்காதீர்கள். பேசிலின் மணம் இலையின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. துணியால் தேய்த்தால் மணம் துணிக்குப் போய்விடும், நமக்கு வெறும் பச்சைதான் மிஞ்சும்.

அவர்கள் பயன்படுத்துவது பளிங்கு உரலும் மரக் குழவியும். நம் வீட்டில் இஞ்சி பூண்டு தட்டும் கல் உரல் இருந்தால் அது போதும். மிளகாய் வாசனை போக நன்றாகக் கழுவிவிடுங்கள். முதலில் பூண்டும் பருப்பும் மசியட்டும். பிறகு இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அதன் மேல் கல் உப்பைத் தூவுங்கள். உப்புக் கல்லின் முனை இலையைக் கிழித்துக்கொடுக்கும். ஓங்கி இடிக்க வேண்டாம். குழவியை உரலின் சுவரோடு ஒட்டிச் சுழற்றுங்கள். இலை நசுங்கக் கூடாது, கிழிய வேண்டும். பளிச்சென்ற பச்சைச் சாறு கசியத் தொடங்கும். அப்போது சீஸ். கடைசியில் எண்ணெய், நூலாக ஊற்றிக் கரண்டியால் கலந்தால் போதும். இந்த வேலையை ஜெனோவாவில் ஒரு போட்டியாகவே நடத்துகிறார்கள். 2007 முதல், பழைய அரண்மனை ஒன்றின் மண்டபத்தில், நூறு பேர் நூறு உரலோடு உட்கார்ந்து அரைக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பொருள்தான் கொடுக்கப்படுகிறது. வெற்றி முழுக்க முழுக்கக் கையில் இருக்கிறது. வீட்டில் அரைப்பவர்களும் அங்கே உணவகக்காரர்களோடு சரிசமமாக உட்காருகிறார்கள்.

மிக்ஸியில் அரைத்தால் ஆகாதா? ஆகும். ஆனால் அங்கே நடப்பதைப் புரிந்துகொண்டு செய்ய வேண்டும். இலையை வெட்டியதும் அதற்குள் இருக்கும் ஒரு நொதி காற்றோடு சேர்ந்து பச்சையைப் பழுப்பாக்கும். வாழைப்பூவை நறுக்கியதும் கறுப்பது அதே காரணத்தால்தான். மிக்ஸியின் பிளேடு இலையைத் துண்டு துண்டாக வெட்டுகிறது, காற்றை உள்ளே இழுக்கிறது, சூட்டையும் ஏற்றுகிறது. மூன்றும் பகை. ஆகவே ஜாரையும் பிளேடையும் அரை மணி நேரம் குளிரவையுங்கள். நிறுத்தி நிறுத்தி, விட்டு விட்டு ஓட்டுங்கள். ஆலிவ் எண்ணெயை ஜாரில் ஊற்றி அடிக்காதீர்கள். வேகமாக அடித்தால் அதன் கசப்பு மேலே வரலாம். விழுதை வெளியே எடுத்த பிறகு எண்ணெயைக் கையால் கலந்துகொள்ளுங்கள். இலையைக் கொதிநீரில் சில வினாடி முக்கி ஐஸ் நீரில் போட்டால் நிறம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் மணத்தில் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும். இன்றே சாப்பிடப் போகிற வீட்டுக்கு அது எதற்கு?

நம் துவையலுக்கும் இதற்கும் உறவு உண்டு, வித்தியாசமும் உண்டு. நாம் தழையை வதக்குகிறோம், பருப்பை வறுக்கிறோம், புளி வைக்கிறோம், தாளித்துக் கொட்டுகிறோம். தீயில்தான் நம் சுவை பிறக்கிறது. பெஸ்டோவில் எதுவும் வதங்குவதில்லை. பச்சையின் கூர்மையைத் தணிப்பது பருப்பின் பாலும் சீஸின் உப்பும் எண்ணெயின் வழவழப்பும்தான். அதனால்தான் முற்றிய இலையை இங்கே ஒளித்துவைக்க முடியாது.

பைன் பருப்பின் விலை கையைச் சுடும். இமாசலப் பிரதேசத்தின் கின்னோரில் விளையும் சில்கோசாவும் ஒரு பைன் பருப்புதான், அதுவும் விலை கூடியதே. முந்திரியோ தோல் உரித்த பாதாமோ போடுங்கள். வறுக்காமல் போடுங்கள். நம் முந்திரி நன்றாகவே மசியும், எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அசல் பார்மிஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்க்கிறார்கள். அந்தப் பெயர் பெற வேண்டுமானால் அப்படித்தான் செய்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே பச்சைப் புள்ளி உள்ள, நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த, நம் நாட்டுக் கெட்டிச் சீஸை வாங்குங்கள். விருந்தினர் சைவம் என்றால் அவர்களிடம் இதைச் சொல்லிப் பரிமாறுவது நம் கடமை.

பாஸ்தாவில் கலக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். வாணலியில் பெஸ்டோவைப் போட்டுக் கிளறினால் இத்தனை நேரம் காத்த பச்சை ஒரு நிமிடத்தில் போய்விடும். பாஸ்தா வெந்த நீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்து, அகலமான பாத்திரத்தில் பெஸ்டோவை அந்த நீரால் இளக்கி, வடித்த பாஸ்தாவை அதில் புரட்டுங்கள். ஜெனோவாவில் பாஸ்தா வேகும் அதே பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் வேகும். மூன்றையும் சேர்த்துத்தான் பெஸ்டோவில் புரட்டுவார்கள். பாஸ்தா பிடிக்காத பெரியவர்களுக்கு வெந்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் பெஸ்டோவும் மட்டுமே நல்ல சாப்பாடு.

இனி நான் சொல்வதை மற்ற எல்லாவற்றையும் விடக் கவனமாகக் கேளுங்கள். மிச்சம் இருந்தால் என்ன செய்வது? மேலே எண்ணெய் ஊற்றி அலமாரியில் வைத்தால் ஊறுகாய் மாதிரி நிற்கும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நிற்காது. எண்ணெய் காற்றைத் தடுத்து நிறத்தைக் காக்கும். ஆனால் காற்றில்லாத இடத்தில்தான் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயின் கிருமி பெருகும். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து, புளிப்பும் இல்லாமல் வெளியே வைப்பது அந்தக் கிருமிக்கு விருந்து வைப்பது. 1985இல் கனடாவின் வான்கூவரில், குளிரூட்டாமல் வைத்த எண்ணெய்ப் பூண்டால் பலர் இந்த நோயில் விழுந்தார்கள். கெட்ட வாசனை வரும், தெரிந்துகொள்ளலாம் என்று நம்பாதீர்கள். வாசனையே வராமலும் இருக்கும். ஆகவே மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் சீஸ் சேர்க்காமல் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். சீஸைப் பரிமாறும் நாளில் துருவிச் சேர்த்துக்கொள்ளலாம்.

தாய்மார்களே, தம்பி தங்கைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுத் தழை வாங்குங்கள். பேசில் கிடைத்தால் பேசில், கிடைக்காவிட்டால் இளங்கொத்தமல்லி. வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு முறை குழவியைச் சுழற்றட்டும். நான்கு பேருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் அரையுங்கள், அன்றே சாப்பிட்டு முடியுங்கள்.